கங்கப்பன் காத்த ரகசியம்

பல் துலக்கிக்கொண்டே கங்கப்பன் ஒரு சபதம் எடுத்தார். இனி உயிரே போனாலும் சம்பங்கியிடம் எதையும் சொல்வதில்லை.

சம்பங்கி அவருடைய மனைவி. ஐந்து வருஷமாக அவர் எதை மறைத்தாலும் அது அடுப்பில் களி கிளறி இறக்குவதற்குள் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும். தீபாவளிக்குத் தெரியாமல் புடவை வாங்கி வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நிறத்தைச் சொல்லிவிடுகிறவர் அவர். அப்படிப்பட்டவர்தான் இப்போது ரகசியம் காக்கிற வேலைக்குப் போகிறார்.

பெங்களூரில் புதிதாக ஒரு சர்க்கார் ஃபேக்டரி வந்திருந்தது. சுற்றிலும் ஆளுயர மதில், அதன்மேல் முள்கம்பி. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஓசூர் பக்கத்தில் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் தினக்கூலிக்குப் பால் அளந்து எழுதிக்கொண்டிருந்த கங்கப்பன், அங்கே ஸ்டோர் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டார். பண்ணையில் தை மாசத்தோடு ஆள் குறைக்கப்போவதாகப் பேச்சு. கையில் பதினாலு மாசத்துப் பெண் குழந்தை. இந்த வேலை கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் மறுபடியும் அண்ணன் வயலில் போய் நிற்க வேண்டும். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார். அண்ணி சொல்லுவாள்.

மனுவோடு வந்த அச்சுக் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. ‘ஃபேக்டரி விஷயங்களைக் குடும்பத்தார் உட்பட யாரிடமும் வெளியிடமாட்டேன்.’ கங்கப்பன் அதை மூன்று தரம் படித்தார். ‘குடும்பத்தார்’ என்ற இடத்தில் சம்பங்கியின் முகம் தெரிந்தது. அதனால்தான் சபதம்.

பெங்களூரில் நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: “இங்க பாக்கிறதை எல்லாம் பெண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுவியா?”

கங்கப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். “இன்னிக்கு நான் இங்க வந்திருக்கிறதே அவளுக்குத் தெரியாதுங்க சார். சந்தேகமா இருந்தா ஆளை அனுப்பி விசாரிச்சுப் பாருங்க!”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் எதையோ எழுதினார்.

“விசாரிக்கிறோம்” என்றார்.

சாயங்காலம் வீடு வந்தபோது சம்பங்கி களி கிளறிக்கொண்டிருந்தாள். வெளுத்த சட்டையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்போதும் எதையும் கேட்கமாட்டாள். அதுதான் அவளிடம் உள்ள பயங்கரம்.

தட்டில் களி உருண்டை விழுந்தது. கீரைக் குழம்பு விழுந்தது.

“பக்கத்து வீட்டு நஞ்சம்மா சொன்னாங்க, நீங்க சேலத்துக்குப் போயிருந்தீங்களாம்.”

கங்கப்பனுக்கு ஒரு வியாதி உண்டு. தப்பு ஒன்று காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. பண்ணையில் மாட்டின் காது நம்பரை ஒருவன் மாற்றிச் சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை இழவு வீட்டில் கிழவி ஒருத்தி ‘நாலு பிள்ளை பெத்த ராசா’ என்று ஒப்பாரி வைத்தபோது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ‘அஞ்சு’ என்று குரல் கொடுத்தவர் இவர்தான்.

“சேலமா? வடக்கே போற பஸ்ல ஏறினவன் சேலத்துக்கா போவான்?”

“அதைத்தானுங்க நானும் சொன்னேன். ஆனேக்கல்லுக்குத்தான் போயிருப்பாங்கன்னேன்.”

“ஆனேக்கல்லுக்கு எதுக்குப் போறேன்? பெங்களூருடி!”

நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் குழம்பை ஊற்றினாள்.

“ஆமாங்க, பெங்களூர்ல ஜெயில் இருக்குதாமே. வார்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம்.”

“ஜெயில் யாருக்கு வேணும்? இது ஃபேக்டரி. சர்க்கார் ஃபேக்டரி.”

“சோப்புங்களா?”

“சோப்புக்கு எவனாவது முள்கம்பி கட்டுவானா?”

“அது சரி. முள்கம்பிக்குள்ள பொம்பளைங்களை விடமாட்டாங்க. எல்லாம் ஆம்பளைங்கதான் வேலை செய்வாங்க.”

“உனக்கு யாரு சொன்னா? மெல்லிசாக் கம்பிச் சுருள் சுத்துறதுக்குப் பொம்பளைங்களைத்தான் எடுக்கிறாங்க. அஞ்சாங் கிளாஸ் படிச்சிருந்தாப் போதுமாம். போர்டுல ஒட்டியிருந்தது, என் கண்ணால பார்த்தேன்.”

“இன்னொரு உருண்டை போடட்டுங்களா?”

கை கழுவும்போதுதான் கங்கப்பனுக்கு விஷயம் உறைத்தது. ஊரைச் சொல்லவில்லை, திருத்தினார். ஃபேக்டரியைச் சொல்லவில்லை, அதையும் திருத்தினார். இப்படித் திருத்தித் திருத்தியே எல்லாம் போய்விட்டது. சம்பங்கியின் மடியில் இருந்த குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

சரி, இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று அவர் ஃபேக்டரிப் பேச்சையே எடுக்கவில்லை. சம்பங்கியும் எடுக்கவில்லை. நடுவில் ஒரு நாள் அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஜூஜுவாடிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தாள். அவ்வளவுதான். மூன்று வாரம் நிம்மதியாகப் போயிற்று.

பிறகு கார்டு வந்தது. ‘வரும் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருவார்.’

கங்கப்பன் கார்டை மடித்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார். சம்பங்கிக்கு ஒன்றும் தெரியாது என்று மார் தட்டிவிட்டு வந்திருக்கிறார். இப்போது எல்லாம் தெரியும். அதிகாரி நேரே வீட்டுக்கு வந்து, ‘ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வேலைக்கு மனுப் போட்டது தெரியுமா?’ என்பார். அவள் ‘தெரியுமுங்க’ என்பாள். கதை முடிந்தது. தெரியாது என்று சொல்லச் சொல்லலாம் என்றால், தான் வாயை விட்டதை அவளிடமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இரண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் போட்டார். அவள் வீட்டில் இருந்தால்தானே கேட்பார்?

“சம்பங்கி, உங்கம்மாவுக்கு முழங்கால் வலி மறுபடியும் வந்திருக்குதாம். ஜூஜுவாடிக்காரன் ஒருத்தன் பண்ணையில சொன்னான். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வாயேன்.”

“வெள்ளிக்கிழமைங்களா?”

“காலையிலயே போயிடு. நாலு நாள் இருந்துட்டு வா. அந்த ஆளு வந்துட்டுப் போற வரைக்கும்...”

“எந்த ஆளுங்க?”

“காலுக்கு... எண்ணெய் போடுற வைத்தியர்.”

“சரிங்க.”

மறுபேச்சுப் பேசாமல் துணியை மடித்தாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். கங்கப்பனோ, ‘ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்துவிட்டோம்’ என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை குழந்தையோடு அவளைப் பஸ் ஏற்றிவிட்டுப் பண்ணைக்குப் போனார். அன்று மாடுகள் எல்லாம் அழகாகத் தெரிந்தன. பத்து மணிக்கு ஆபீஸ் குமாஸ்தா சின்னராஜ் ஓடி வந்தான்.

“அண்ணா, பெங்களூர்லேருந்து டெலிபோன். உங்க இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாராம். மத்தியானம் இங்க வருவாராம்.”

“வரட்டும் வரட்டும். வீடு பூட்டிக்கெடக்குது.”

“முதல்ல ஜூஜுவாடியில இறங்கி ஒரு வீட்டுல விசாரிச்சுட்டுத்தான் வருவாராம்.”

கங்கப்பன் பால் வாளியைக் கீழே வைத்தார். பெங்களூரிலிருந்து வருகிற ரோடு ஜூஜுவாடியைத் தொட்டுத்தானே ஓசூருக்கு வருகிறது! மாமியார் வீடு அந்த ரோட்டு மேலேயே இருக்கிறது! சிங்கத்துக்குப் பயந்து ஆட்டை அதன் வழியிலேயே கட்டிவிட்டு வந்தவன் உலகத்தில் தான் ஒருத்தன்தான் என்று அவருக்குத் தோன்றியது.

சைக்கிளை எடுத்தார். ஓசூர் சந்தையைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே புகுந்து, மூச்சு இரைக்க இரைக்க மிதித்தார். ஜூஜுவாடியில் மாமியார் வீட்டுக்கு முன்னால் புங்கமரத்தில் சைக்கிளைச் சாய்த்தார். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

வாசலில் கயிற்றுக் கட்டில். கட்டிலின் மேல் சட்டைப்பையில் பேனா செருகிய ஒரு மனிதர். கையில் நோட்டு. எதிரே தரையில் சம்பங்கி, மடியில் குழந்தை. மாமியார் வெங்கடம்மாள் மோர்ச் சொம்போடு நின்றாள். அவள் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

கங்கப்பன் குனிந்து போய், அறுத்துக் குவித்திருந்த ராகித்தாள் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பேச்சு தெளிவாகக் கேட்டது.

“வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

சம்பங்கி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “அதை எப்படிங்க என் வாயால சொல்றது?”

“நீங்க சொல்லுங்கம்மா” என்று இன்ஸ்பெக்டர் மாமியார் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை பேரை நானும் சொல்றதில்லீங்க” என்றாள் வெங்கடம்மாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை உதறினார். “நானே சொல்றேன். ராமப்பன். சரிதானா?”

போருக்குப் பின்னால் கங்கப்பன் துள்ளிவிட்டார். ராமப்பன் அவருடைய அப்பா பேர்! ஒரு கைப்பிடி தாளை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

“நீங்க பெரியவங்க, நீங்க சொன்னாச் சரிங்க” என்றாள் சம்பங்கி.

“வயசு நாற்பது?”

“உங்க கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சா நான் என்னத்தைங்க சொல்றது.”

கங்கப்பனுக்கு இருபத்தொன்பது. இன்னும் ஒரு கைப்பிடி தாள் உள்ளே போயிற்று.

“போன மாசம் பெங்களூருக்கு வந்தாரே, எதுக்குன்னு உன்கிட்ட சொன்னாரா?”

இதோ வந்துவிட்டது. கங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

“பெங்களூருக்கு இந்த ரோட்டுல தினம் எத்தனையோ பேர் போறாங்க வர்றாங்க. நீங்ககூட மைசூர்லேருந்து அந்த வழியாத்தானே வர்றீங்க?”

“மைசூர் எங்கம்மா வந்தது? எனக்குச் சொந்த ஊர் கோலார்.”

“ஓ, கோலாருங்களா. தங்கச் சுரங்கத்துல கிளார்க்கா இருந்தீங்களோ?”

“கிளார்க்கா! பதினெட்டு வருஷம் போலீஸ் சர்வீஸம்மா. இப்ப ஃபேக்டரிக்கு செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர். நாராயணப்பன்னு கேட்டாத் தெரியும்.”

“பாவம், இந்த வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கணும். இன்னும் ஐம்பது வீடாவது பாக்கி இருக்குமில்லீங்களா?”

“ஐம்பதா! எல்லாம் முடிஞ்சாச்சு. இந்த ஜூஜுவாடியும் மத்திகிரியும்தான் பாக்கி. நாளைக்குச் சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டிடுவோம்.”

போருக்குப் பின்னால் கங்கப்பன் கண்ணைத் திறந்தார். வாயும் திறந்தது. உள்ளே இருந்த தாள் கீழே விழுந்தது.

அட! இப்படித்தானா?

ஐந்து வருஷமாக அந்தக் கையில் அவர் மாட்டியிருக்கிறார். ஒரு நாளும் இப்படிப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மல்யுத்தத்தில் கீழே கிடக்கிறவனுக்குப் பிடியின் வலிதான் தெரியும். அதன் அழகு ஓரத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். பதினெட்டு வருஷம் திருடர்களைக் கேள்வி கேட்டுப் பழகின போலீஸ்காரர், ஊர், பேர், உத்தியோகம், லிஸ்ட் ஒட்டுகிற நாள் வரைக்கும் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சம்பங்கி தலை குனிந்து குழந்தையின் மூக்கைத் துடைக்கிறாள். ஒரு கேள்விகூட அவள் கேட்ட மாதிரி இல்லை. கங்கப்பனுக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ‘என் பெண்டாட்டி!’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். புங்கமரத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டி, கொஞ்சம் உரக்கவே படித்தார்.

“படிப்பு, இரண்டாம் வகுப்பு ஃபெயில்.”

“மூணாவது பாஸ்!”

ராகித்தாள் போர் பிளந்தது. நடுவில் கங்கப்பனின் தலை தெரிந்தது. தலையெல்லாம் தாள். ரோட்டில் போன லாரி ஒன்று ஹார்ன் அடித்துவிட்டுப் போயிற்று. மாமியார் சட்டென்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

“வாங்க கங்கப்பன்” என்றார் இன்ஸ்பெக்டர். “ரொம்ப நேரமா உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். சைக்கிள்ல பெருசாப் பேர் எழுதி வெச்சிருக்கீங்களே.”

கங்கப்பன் வெளியே வந்து நின்றார். நெஞ்சு நிமிரவில்லை.

“உங்களுக்கு ஸ்டோர் வேலை ஆகாது. நான் ஒரு தப்புச் சொன்னா நீங்க ஒரு நிஜம் சொல்லுவீங்க. எவனாவது வந்து பத்துத் தப்புச் சொன்னா ஃபேக்டரியே அவன் கைக்குப் போயிடும்.” நோட்டை மூடினார்.

கங்கப்பனுக்குத் தை மாசம் கண்ணில் தெரிந்தது. அண்ணன் வயல் தெரிந்தது. வரப்பில் அண்ணி நின்றாள். பேசினால் அதுவும் நிஜமாகத்தான் இருக்கும் என்று பயமாக இருந்தது.

அப்போது சம்பங்கி எழுந்து நின்றாள். குழந்தையை இடுப்பில் மாற்றினாள். அவள் குரல் எப்போதும் போல மெல்லிசாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

“சார், நீங்க சொல்றது நிஜமுங்க. அவங்க வாயில எதுவும் தங்காது. ஆனா தப்பும் தங்காதுங்க. பண்ணையில முந்நூறு மாடு. ஒரு நம்பர் மாறி வந்தாக்கூட வாசல்லயே பிடிச்சிடுவாங்க. அவங்களுக்குக் கொடுக்கிறதுக்கு உள்ள இருக்கிற ஸ்டோர் வேலை மட்டும்தானுங்களா இருக்குது? உங்க கேட்டுல நின்னு, உள்ள வர்றவங்க அனுமதிச் சீட்டைப் பாக்கிறதுக்கு ஆள் வேணாமுங்களா? ஒருத்தன் சீட்டுல ஒரு எழுத்து மாறியிருந்தா எங்க வீட்டுக்காரரைத் தாண்டி உள்ள போகவே முடியாது. கேட்டுல நிக்கிறவருக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேண்டியதில்லை. தெரியாததை அவங்க எப்படிங்க சொல்லுவாங்க?”

கங்கப்பன் அவளையே பார்த்தார். கட்டின நாளிலிருந்து அவள் இவ்வளவு வார்த்தை ஒரேயடியாகப் பேசினதில்லை. அத்தனையும் அவருக்காக.

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். நோட்டை மறுபடியும் திறந்தார்.

“கேட்டுக்கு ஒரு ஆள் வேணும்தான்” என்றார். ஏதோ எழுதினார். “இவருக்கு வெளி கேட். எழுதியாச்சு.”

கங்கப்பனுக்கு உயிர் வந்தது. “ரொம்பப் பெரிய உபகாரமுங்க சார்! நீங்க எனக்காக இவ்வளவு தூரம் ஜூஜுவாடி வரைக்கும்...”

“உங்களுக்காகவா?” இன்ஸ்பெக்டர் சிரித்தார். “உங்களை விசாரிக்க மத்திகிரிக்கு வரணும்னுதான் இருந்தேன். இங்க வந்தது இந்த அம்மாவை விசாரிக்க.”

“இவளையா? எதுக்குங்க?”

“கம்பிச் சுருள் பிரிவுக்கு மனுப் போட்டிருக்காங்களே. அஞ்சாம் வகுப்பு பாஸ். போன மாசம் வந்து கைவேலையும் செஞ்சு காட்டிட்டாங்க. முப்பது பேர்ல முதல் ஆளு. விலாசம் ஜூஜுவாடின்னு கொடுத்திருந்தாங்க, அம்மா வீடு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

கங்கப்பன் சம்பங்கியைப் பார்த்தார். மாமியார் நுழைந்த கதவைப் பார்த்தார். அந்த முழங்காலை நினைத்துக்கொண்டார். சம்பங்கி குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரி செய்தாள்.

“எனக்குத் தெரியாதுங்க சார்” என்றார். ஐந்து வருஷத்தில் அவர் காத்த ஒரே ரகசியம் அதுதான். அவருக்கே தெரியாமல் காத்தார்.

“நான் இந்த அம்மாவை இருபது கேள்வி கேட்டேன்” என்று இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். சம்பங்கி பேருக்கு ஒதுக்கியிருந்த பக்கம் வெள்ளையாக இருந்தது. “ஒரு வரி எழுத முடியலை. ஆனா என் ஊரு, என் சர்வீஸ், லிஸ்ட் ஒட்டுற நாள் எல்லாம் இவங்ககிட்ட இருக்குது. இப்பத்தான் யோசிச்சுப் பாக்கிறேன்.” எழுந்து துண்டை உதறினார். “உள் பிரிவுக்கு இப்படி ஆள்தான் வேணும்.”

சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். தை பிறப்பதற்குள் இரண்டு பேரும் வேலையில் சேர்ந்தார்கள்.

முதல் நாள். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி, இடுப்பில் பெல்ட். கங்கப்பன் கேட்டில் நின்றார். வரிசையாக வந்தவர்களின் சீட்டைப் பார்த்துப் பார்த்து அனுப்பினார். ஒரு சீட்டில் தேதி மாறியிருந்தது, பிடித்துவிட்டார். பெரிய இன்ஜினீயர் ஒருவர் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அவரையும் ஓரமாக நிறுத்திவிட்டார். எல்லோரும் அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். பெருமை தாங்கவில்லை.

அடுத்தது சம்பங்கி. நீலப் புடவை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின கொண்டை, இடுப்பில் குழந்தை. சீட்டை நீட்டினாள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கங்கப்பன் மூன்று தரம் படித்துவிட்டுச் சல்யூட் அடித்தார்.

“சம்பங்கி” என்று மெதுவாகக் கூப்பிட்டார், “உன்னை விடலாம். குழந்தையை உள்ள விட எனக்கு ஆர்டர் இல்லையே.”

அவள் இன்னொரு சின்னச் சீட்டை எடுத்து நீட்டினாள். வேலைக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஓர் அறை இருந்தது. குழந்தையின் பேருக்கே சீட்டு. கீழே இன்ஸ்பெக்டர் நாராயணப்பனின் கையெழுத்து.

“இதுக்கு மட்டும் விசாரணை கிடையாதா?” என்றார் கங்கப்பன்.

“கேட்டேனுங்க. இன்னும் பேச்சு வரலையாம், அதனால உள்ள விடலாம்னுட்டாங்க.”